மூடிய கை

ஹாதிஃப் மோதிரம் தேடுவதை விட்டுப் பதிமூன்று வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால், நோன்பு மாதம் பிறந்துவிட்டால் பாக்தாதில் அவர் பெயர் அடிபடாத தேநீர்க்கடை கிடையாது.

முஹைபிஸ் ஆட்டத்துக்குப் பெரிய விதிகள் ஒன்றும் இல்லை. இரண்டு பேட்டைக்காரர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். பக்கத்துக்கு அறுபது பேர், சில நாள் நூறு பேர்கூட. ஒரு பக்கத்தார் போர்வைக்கடியில் எவனோ ஒருவன் கையில் மோதிரத்தை வைப்பார்கள். போர்வை விலகும்போது எல்லாக் கைகளும் மூடி முழங்கால்மேல் இருக்கும். எதிர்ப்பக்கத் தலைவன் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நடப்பான். இவனிடம் இல்லை என்று பட்டால் "வெளியே" என்று சொல்லி எழுப்பிவிடலாம். கடைசியில் ஒரே ஒரு ஆளைப் பார்த்துக் "கொடு" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் சொல்ல முடியாது. தோற்ற பேட்டை பக்லாவா என்ற இனிப்பு வாங்கும். இரண்டு பேட்டையும் தின்னும்.

மற்ற தலைவர்கள் கத்துவார்கள், மேலே விழப்போவதுபோல் பாய்வார்கள், எவன் இமை துடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஹாதிஃப் வாயே திறக்க மாட்டார். மெதுவாக நடப்பார்.

"கண்ணை எல்லாரும் பழக்கி வெச்சிருப்பான்," என்று ஒரு தடவை மனைவியிடம் சொன்னார். "மோதிரம் கையில இருக்கறவன் மத்தவனைவிட ஒரு பிடி நல்லவனா இருப்பான். பக்கத்து ஆளுக்கு இடம் விடுவான். நான் போறதுக்குக் காலை மடக்கிக்குவான். அவன்தான்."

"அப்படின்னா உங்ககிட்ட மோதிரம் இருந்ததே இல்லைன்னு சொல்லுங்க," என்றாள் உம் ஸுஹா.

இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தெருமுனையில் தகரக் கூரைக்குக் கீழே பேட்டையின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறார். அரசாங்க மின்சாரம் போனதும் பெரிய கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ள வேண்டும். வந்ததும் அந்தப் பக்கம். நடுவில் இருக்கும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் முந்நூறு வீடும் அவரைத் திட்டும். கூரைக்கு மேலே கம்பிகள் சிக்குப் பிடித்த தலைமுடிபோல் நான்கு தெருவுக்கும் போகின்றன. எந்தக் கம்பி எந்த வீடு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நோன்பு மாதத்தில் ஆட்டம் நடக்கும் திடலுக்கும் அவர்தான் விளக்குக்குக் கம்பி இழுத்துத் தருவார். இழுத்துத் தந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஏன் விட்டார் என்று கேட்டவர்களிடம் முதுகு வலி என்று சொன்னார்.

ஆகஸ்டு மாதம், மத்தியானத் தொழுகைக்குப் பிறகு, ரவான் வந்தாள். பின்தெரு மருந்துக்கடைக்காரரின் பெண். நுண்கலைக் கல்லூரியில் கடைசி வருஷம். வந்தவள் டீசல் பீப்பாய்மேல் காகிதம் விரித்து உட்கார்ந்தாள். பேட்டையில் ஹாதிஃபை மகள் பெயரால் அபூ ஸுஹா, ஸுஹாவின் அப்பா, என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"அபூ ஸுஹா, நான் ஒரு படம் எடுக்கறேன். பேய்ப்படம் மாதிரி. ஆனா பேய் கிடையாது."

"அப்ப எதுக்குப் பயப்படணும்?"

"கேமராக்காரனும் கிடையாது. நடிக்கறவங்க கையில இருக்கற போன்லயே எல்லாம் பதிவாகும். அப்புறம் எப்பவோ அந்தப் போன்கள் யார் கையிலயோ கிடைச்ச மாதிரி காட்டுவோம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத எட்டுப் பேருக்கு ஒரு செய்தி வருது. இந்த வீட்டுக்கு வா, முஹைபிஸ் ஆடுன்னு. வர்றாங்க. யார் கையில மோதிரம் அகப்படுதோ அவங்க பின்கதவு வழியா வெளிய போகணும். போனவங்க திரும்ப வரமாட்டாங்க."

"பக்லாவா யார் வாங்கறது?"

அவள் சிரித்தாள். "நீங்கதான் தலைவர். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் முடியாது என்று தலையாட்டினார். முதுகு வலி என்றார். ரவான் அதைக் காதில் வாங்காமல் கைப்பேசியைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"இதைப் பாருங்க முதல்ல. பாப் அல்-ஷர்க்கி சந்தை நடைபாதையில படத்துக்காகப் பழைய போன் ஒரு பை நிறைய வாங்கினேன். ஒண்ணுல இது இருந்துச்சு. மூணு நிமிஷம் நாப்பது விநாடி. எனக்குப் படமே இதுலேருந்துதான் வந்துச்சு. எவனோ விளையாட்டுக்கு எடுத்ததுதான்னு நினைக்கறேன். நிஜமா இருக்காது. ஒருத்தன் சிரிக்கறான் பாருங்க."

ஹாதிஃப் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

செங்கல் சுவர். ஒற்றைப் பல்பு. சுவரோரம் பத்து ஆண்கள் குந்தியிருக்கிறார்கள், கைகளை மூடி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு. அவர்களுக்கு முன்னால் ஒரு மனிதன் நடக்கிறான். முதுகு மட்டும் தெரிகிறது. சாம்பல் சட்டை, வியர்வையில் ஒட்டியிருக்கிறது. வலது கையால் ஒருவன் முட்டியைத் தொட்டு "வெளியே" என்கிறான். தொடப்பட்டவன் எழுந்து படத்தை விட்டு ஓடுகிறான். எடுப்பவன் பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள். பிறகு இன்னொருவன். இன்னொருவன். நடக்கிறவனின் இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது, மணி உருட்டுவதுபோல, ஓயாமல்.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். மருந்துப் பையோடு ஒரு கிழவர். இளைஞன் ஒருவன், சட்டைக் கையில் பச்சையும் சிவப்புமாய்ப் பெயின்ட் கறை. இளைஞன் சற்று நகர்ந்து கிழவர் சாய்ந்துகொள்ளத் தோளைக் கொடுக்கிறான். நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரிக்கிறான். முதுகு ஒரு அடி முன்னால் வைக்கிறது. படம் நின்றுவிடுகிறது.

"போன்ல இடம் தீர்ந்துபோச்சு போல," என்றாள் ரவான். "முடிவு இல்லை. அபூ ஸுஹா, நீங்க சொல்லுங்க. அவங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட இருக்கு?"

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"படம் தெளிவா இல்லையேம்மா," என்றார் ஹாதிஃப்.

அவர் தன் முதுகைப் பார்த்ததில்லை. எந்தத் தலைவனும் பார்த்ததில்லை. எதிரே இருப்பவர்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தன் இடது கை அப்படி எண்ணும் என்று அவருக்கு அன்றுதான் தெரியும்.

நடந்தது இதுதான்.

பதிமூன்று வருஷத்துக்கு முன், பாக்தாதில் ஆயுதக் கும்பல்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்ற அந்த வருஷ இலையுதிர்காலத்தில், பம்புக்கு உதிரிபாகம் வாங்க அவர் மினிபஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. சீருடைக்காரர்கள் ஆண்களை மட்டும் இறங்கச் சொன்னார்கள். பதினோரு பேர். சீருடையில் ஒருவன் காலில் செருப்பு போட்டிருந்தான். அதைப் பார்த்தபோதே, இவர்கள் நிஜப் போலீஸ் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் யார் ஆட்கள் என்று ஹாதிஃபுக்கு இன்றுவரை தெரியாது. அந்த வருஷம் அதை யாரும் கேட்பதில்லை.

நகரத்துக்குக் கிழக்கே ஒரு செங்கல் சூளைக்குக் கொண்டுபோனார்கள். கால்பந்துச் சட்டை போட்டு முகத்தைத் துணியால் மூடியிருந்த ஒருவன் இவர் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தான்.

"ஏய், நீ ஹாதிஃப் இல்ல? போன நோன்புல எங்க பேட்டையை நாலு தரம் கவுத்தவன்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குப் பெருமையாக இருந்தது. மற்றதை எல்லாம் எப்படியாவது தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்தக் கணத்துக்குச் சொல்ல முடியவில்லை.

கால்பந்துச் சட்டைக்காரன் தன் விரலிலிருந்து நீலக்கல் மோதிரத்தைக் கழற்றினான். "ஆடுவோம். நீ கரெக்டா 'கொடு'ன்னு சொன்னா மோதிரக்காரன் மட்டும் எங்களுக்கு. மத்தவன் எல்லாம் வீட்டுக்கு. தப்பாச் சொன்னா அந்த நேரத்துல எவனெவன் மிச்சமோ அவ்வளவு பேரும் எங்களுக்கு. உன்னையும் சேர்த்து. நீ வெளிய அனுப்பறவனை நாங்க தொட மாட்டோம். மோதிரக்காரனையே வெளிய அனுப்பினா எல்லாரும் காலி. ஆட்டம் ஆட்டம்தான்."

போர்வை விழுந்தது, விலகியது. பெயின்ட் கறைப் பையன் காலை மடக்கி அவருக்கு வழி விட்டான்.

அவ்வளவுதான். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பிறகு எட்டுப் பேரை ஒவ்வொருவராக, எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்து, வெளியே அனுப்பினார். கிழவரும் பையனும் மிஞ்சினார்கள். கிழவரை அனுப்பப் பார்த்தபோது கால்பந்துச் சட்டைக்காரன் "போதும், ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றான். ஹாதிஃப் சொன்னார்.

தப்பாகச் சொல்லியிருந்தால் மூன்று பேர் போயிருப்போம் என்று அவர் பல ஆயிரம் தடவை கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரிதான். எப்போதும் சரியாகவே வந்தது.

கிழவரும் அவரும் இருட்டில் நடந்தார்கள். பின்னால் ஒரு வெடிச் சத்தம். கிழவர் நின்று, இறந்தவனுக்காகப் பாத்திஹா ஓதினார். பிறகு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் சாலைக்கு வந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது ஹாதிஃபுக்கு ஒரு காலில் செருப்பு இல்லை. ஆள் மாறிப் பிடித்துவிட்டார்கள், விட்டுவிட்டார்கள் என்று மனைவியிடம் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் பாலத்துச் சுவரில் ஒரு சுவரொட்டி பார்த்தார். காணவில்லை. ஸர்மத், இருபத்து நான்கு வயது, விளம்பரப் பலகை ஓவியர். கீழே தொலைபேசி எண். கூப்பிட்டால் நீ எப்படிப் பிழைத்தாய் என்று கேட்பார்கள். அவர் அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டார், கூப்பிடவில்லை. சுவரொட்டி வெயிலில் முதலில் மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகிப் போயிற்று. எண் இன்னும் அவருக்கு மறக்கவில்லை.

"வரேன்," என்றார் ரவானிடம், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து.

மோதிரம் வைத்திருப்பவன் தலைவனை விட்டு முகத்தைத் திருப்பினால் மாட்டிக்கொள்வான். வேறு காரணம் எதுவும் அவரிடம் இல்லை.

"நடிக்கவா போறீங்க?" என்றாள் உம் ஸுஹா இரவுச் சாப்பாட்டில். "மீசைக்கு மை பூசிக்கோங்க. கதாநாயகி யாரு?"

"கதாநாயகி இல்லை. எல்லாரும் செத்துப்போற படம்."

"ஜெனரேட்டர்?"

"நீதான் பார்த்துக்கணும், ஒரு பகல்."

"நல்லாப் போச்சு. முந்நூறு வீடும் இனிமே என்னைத் திட்டட்டும்." அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வெண்டைக்காய்க் குழம்பை விட்டாள். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "பதிமூணு வருஷமாக் கூப்பிட்டவங்களை எல்லாம் திருப்பி அனுப்பினீங்க. இந்தச் சின்னப் பொண்ணு என்ன சொன்னா?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லலை."

அவள் குழம்புச் சட்டியை மூடினாள்.

படம் எடுத்த வீடு, வெளிநாடு போய்விட்ட ஒரு குடும்பத்துடையது, அதே தெருவில். காலை பத்து மணிக்கே வெளியே தீயாய் வெயில். உள்ளே ஜன்னல்களுக்குக் கறுப்புக் கம்பளி அடித்து, கூடத்தில் ஒற்றைப் பல்பு தொங்கவிட்டிருந்தாள் ரவான். செங்கல் தெரியட்டும் என்று சுவர் பூச்சைக்கூடக் கொஞ்சம் பெயர்த்திருந்தாள். ஹாதிஃப் வாசலில் நின்று உள்ளே போகச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டார். இன்று முழுக்க இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

ஏழு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் ரவான் அந்தப் பழைய வீடியோவோடு ஃபேஸ்புக்கில் போட்ட அழைப்பைப் பார்த்து வந்தவர்கள். ரவான் ஹாதிஃப் உட்பட ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கைப்பேசியை வாரால் கட்டினாள்.

"ஒரு விஷயம். நான் 'கட்' சொல்ல மாட்டேன். யாரும் சொல்ல மாட்டாங்க. தும்மினாலும் சரி, சண்டை போட்டாலும் சரி, போன் ஓடிக்கிட்டே இருக்கும்."

"ஒண்ணுக்கு வந்தா?" என்று கேட்டான் ஃபலாஹ். பழைய டயர் விற்கிறவன், வயிறு பெரியவன், இதை நகைச்சுவைப் படம் என்று நினைத்துக்கொண்டு வந்தவன்.

"அதுவும் பதிவாகும்."

"என் பெண்டாட்டி பார்க்கமாட்டான்னு எழுதிக் கொடு."

சிரித்தார்கள். அவரவர் யார் என்று சொல்லச் சொன்னாள் ரவான். ஃபலாஹ் சொன்னான். வங்கிக் குமாஸ்தா ஒருவர் சொன்னார். மூன்று கல்லூரிப் பையன்கள், ஒரு தையல்காரர். கடைசியாக ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கறுப்பு உடை, கையில் தோல் பை, கண்ணாடிக்குப் பின்னால் அசையாத கண்கள்.

"நான் நிதால். பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். நீ ஃபேஸ்புக்ல போட்ட வீடியோவுல, கிழவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கானே, பெயின்ட் சட்டை. அவன் என் தம்பி."

ரவான் அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"டீச்சர், அது... நான் விளையாட்டு வீடியோன்னு..."

"தெரியும். நீ அப்பச் சின்னக் குழந்தையா இருந்திருப்பே." நிதால் பையை மடிமேல் வைத்துக்கொண்டாள். "நிறுத்த வேண்டாம்மா. நான் சண்டை போட வரலை. எங்க வீட்டுல பதிமூணு வருஷமா அவனுக்குப் பாத்திஹா வைக்கலை, கூடாரமும் நாற்காலியும் போட்டு மூணு நாள் துக்கம் அனுசரிக்கலை. அம்மா வைக்கவிடலை. உடம்பைப் பார்த்தியா, பார்த்தவனைப் பார்த்தியா, எதை வெச்சு நாற்காலி போடறேன்னு கேட்கறாங்க. ஒவ்வொரு பெருநாளைக்கும் அவனுக்குச் சட்டை வாங்கறாங்க. பதிமூணு வருஷச் சட்டை இருக்கு அலமாரியில. இந்த வீடியோவோட முடிவு எனக்கு வேணும். அது உன்கிட்ட இல்லைன்னு ஃபேஸ்புக்லயே எழுதியிருந்தே. அப்ப ஆட்டம் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும்." அவள் ஹாதிஃப் பக்கம் திரும்பினாள். "அபூ ஸுஹா, உங்களைப் பத்தி விசாரிச்சேன். முகம் பார்த்தா நீங்க தப்பினதே இல்லையாம். என் தம்பி கையில மோதிரம் இருந்துச்சா?"

ஏழு மார்புகளில் ஏழு கைப்பேசிகள். எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"படம் தெளிவா இல்லைம்மா."

"பெரிசாக்கிக் கொண்டுவந்திருக்கேன்."

"இருந்தாலும்... நேர்ல பார்க்கறது வேற."

அவர் எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த ஒரே மெத்தை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல உட்காருங்க. தரை சூடு." தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் திறந்து அவளிடம் கொடுத்தார். "மின்விசிறியை உங்க பக்கம் திருப்பட்டுமா?"

"நல்லது," என்றாள் நிதால். அவரை ஒரு விநாடி அதிகமாகப் பார்த்தாள்.

ஆட்டம் தொடங்கியது. போர்வைக்கடியில் யார் கையில் வைக்கிறாள் என்று ரவான் யாருக்கும் சொல்லவில்லை. போர்வையை உருவிவிட்டு மூலைக்குப் போய் நின்றாள். ஏழு பேர், பதினான்கு முட்டிகள். ஒற்றைப் பல்பு. வெளியே தூரத்தில் அவருடைய ஜெனரேட்டரின் உறுமல்.

ஹாதிஃப் கைகளை முன்னால் கோத்தபடி நடந்தார். கல்லூரிப் பையன்களில் ஒருவனைப் பார்த்து "வெளியே" என்றார். பையன் எழுந்து மூலைக்குப் போனான். தையல்காரர்: "வெளியே." மோதிரம் ஃபலாஹிடம் இருக்கிறது என்பது போர்வை விலகியவுடனேயே தெரிந்துவிட்டது, அந்தத் தடியன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கத்துக் குமாஸ்தாவுக்கு இடம் விட்டிருந்தான். சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கால் நடந்துகொண்டே இருந்தது. பதிமூன்று வருஷம் கழித்துக் கால் அந்த நடையைக் கண்டுகொண்டது. முகங்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், தானாகத் திறந்துகொண்டன. அவர் மூச்சு நீண்டது. "வெளியே." இன்னும் ஒரு பையன். "வெளியே." குமாஸ்தா.

அறை ரொம்ப அமைதியாகிவிட்டதை அவர் கவனித்தார்.

நிதால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், வெளியேற்றப்பட்டவர்கள் நின்ற மூலைக்கு எழுந்து போயிருந்தாள், யாரும் வெளியேற்றாமலே. அங்கிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாதிஃப் தன் இடது கையை உணர்ந்தார். அது பின்னால் இருந்தது. கட்டைவிரல் சுண்டுவிரலின் மூன்றாம் கணுவில் நின்றிருந்தது. எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

கையை முன்னால் கொண்டுவந்தார். மெதுவாக, அவசரம் தெரியாமல். அதுவே தப்பு என்று அவருக்குத் தெரியும். அவரே ஆயிரம் பேரை அப்படித்தான் பிடித்திருக்கிறார்.

"நான் தலைவியா ஒரு ஆட்டம் ஆடறேன்," என்றாள் நிதால்.

"டீச்சர், கதையில..." என்றாள் ரவான்.

"எங்க வீட்டுல ஆறு பிள்ளைங்க. நோன்பு முழுக்க ஆடுவோம். நான்தான் எப்பவும் தலைவி. ஸர்மத்துக்கு ஒளிக்கவே வராது. மோதிரம் கையில வந்துட்டா, 'அக்கா இந்தத் தலையணையை வெச்சுக்கோ, அக்கா தண்ணி வேணுமா'ன்னு கேட்பான்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "எல்லாரும் உட்காருங்க. அபூ ஸுஹா, நீங்களும்."

அவர் உட்கார்ந்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம். ஜெனரேட்டருக்குப் போகணும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அதை யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். செங்கல் சுவரில் சாய்ந்து, கைகளை மூடி, முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கைகள் காலியாக இருந்தன. போர்வை போடவில்லை. மோதிரம் இன்னும் ஃபலாஹிடமே இருந்தது.

நிதால் நடந்தாள்.

"வெளியே," என்றாள் குமாஸ்தாவிடம். "வெளியே." பையன்கள் மூவரையும் ஒரே வீச்சில் அனுப்பினாள். தையல்காரர் அவள் சொல்வதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். ஃபலாஹ் மட்டும் மிஞ்சியிருந்தான், ஹாதிஃபுக்குப் பக்கத்தில்.

"வெளியே."

"டீச்சரம்மா," ஃபலாஹ் திணறினான், "ஆட்டம் போயிடுமே. மோதிரம் எங்கிட்ட இருக்கு. இதோ பாருங்க." அவன் கையைத் திறந்து காட்டினான். உள்ளங்கை வியர்வையில் ஒரு மலிவான வெள்ளி வளையம்.

அவள் அதைப் பார்க்கவில்லை. "வெளியே போப்பா."

ஃபலாஹ் எழுந்து, திறந்த கையோடு, சுவர் ஓரமாகவே நகர்ந்து போனான்.

நிதால் ஹாதிஃப் முன்னால் நின்றாள்.

"அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கேட்காதீங்க. என் தம்பியைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்த முதுகைப் பார்க்கணும். வேற வழி இல்லை, அதுதான் குறுக்க நிக்குது. அந்தக் கையைப் பார்க்கணும். ராத்திரி கண்ணை மூடினா அந்தக் கட்டைவிரல் எண்ணும்." அவள் நிறுத்தினாள். "உங்ககிட்டச் சந்தேகம் வந்தது கையைப் பார்த்தப்ப இல்லை. நாற்காலி கொண்டுவந்தீங்களே, அப்ப."

மூலையில் ரவான் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நான் போலீஸ்காரி இல்லை," என்றாள் நிதால். பிறகு வலது கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. ஆட்டத்தில் தலைவன் நீட்டுவதுபோலவே.

"கொடு."

நூற்றுக்கணக்கான முகங்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் என்ன ஆகும் என்று ஹாதிஃப் பார்த்திருக்கிறார். சிலர் ஆத்திரப்படுவார்கள். சிலர் மோதிரம் இல்லை என்று சத்தியம் செய்வார்கள், கையைத் திறக்கும்வரை. தன் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"கிழவரை அனுப்பப் பார்த்தேன்," என்றார். "அவரை அனுப்பிட்டா அப்புறம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம்னு நினைச்சேன். விடலை. ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னான். நான் அவனைச் சொன்னேன்."

"என் தம்பியை."

"ஆமா. அவன் கையிலதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"கொடுத்தான். நான் சொன்ன உடனே கையைத் திறந்து கொடுத்தான். சிரிச்சுக்கிட்டே. ஆட்டத்துல தோத்தவன் சிரிப்பானே, அந்த மாதிரி. பழக்கம். அவனுக்கு அந்த நேரத்துல ஞாபகம் இல்லை, இது வேற ஆட்டம்னு. மோதிரம் என் கைக்கு வந்தப்புறம்தான் அவனுக்கு..." அவர் நிறுத்தினார். "எங்களைத் தள்ளிவிட்டாங்க. நடந்தோம். ஒரே ஒரு சத்தம். கிழவர் பாத்திஹா ஓதினார்."

"நீங்க?"

"எனக்கு நாக்கு எழலை."

வெளியே ஜெனரேட்டரின் சத்தம் ஒரு இழை தாழ்ந்து மறுபடி ஏறியது. யாரோ பெரிய மோட்டார் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அவர் காது அதைத் தன்பாட்டில் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க?"

அவர் சூளையைச் சொன்னார். எந்தச் சாலை, எத்தனையாவது புகைபோக்கி, எந்தத் திருப்பத்தில் உடைந்த தண்ணீர்த் தொட்டி. தொலைபேசி எண்ணைப்போலவே அதையும் அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். பிறகு அந்த எண்ணையும் சொன்னார், பாலத்துச் சுவரில் இருந்ததை, ஒரு இலக்கம் தப்பாமல்.

அது வரைக்கும் நின்றிருந்த நிதால் அப்போதுதான் உட்கார்ந்தாள். நாற்காலியில் இல்லை, தரையில், அவருக்கு நேர் எதிரே.

"அந்த நம்பர் எங்க வீட்டுது," என்றாள். "அம்மா அதை மாத்தவே விடலை."

அவர் தலை குனிந்திருந்தார்.

ஃபலாஹ் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். பிறகு அவள், பரீட்சைத்தாளில் கடைசி வரியைச் சரிபார்க்கிறவள்போல, கேட்டாள்:

"எந்தக் கையில இருந்துச்சு?"

"இடது."

நிதாலின் உதடு கோணியது. "இடது," என்றாள். "எப்பவும் இடதுதான். எட்டு வயசுலேருந்து. நூறு தரம் பிடிச்சிருக்கேன், கழுதைக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை நான். சொல்லிட்டா அப்புறம் கண்டுபிடிக்க முடியாதேன்னு."

அவள் பையைத் திறந்து சொந்தக் கைப்பேசியை எடுத்தாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"அம்மாகிட்டக் கொடுக்காதே. நீயே கேளு," என்றாள். குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது. "நாற்காலிக்காரனைக் கூப்பிடு. கூடாரமும் சொல்லு. மூணு நாளைக்கு. ஆமா. ஆமா. பார்த்தவர் இருக்கார். இங்கதான் இருக்கார், என் முன்னாடி."

அவள் நிமிர்ந்து ஹாதிஃபைப் பார்த்தாள்.

"வந்து அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள். "இதே மாதிரி. ஒண்ணும் விடாம. சிரிச்சதையும் சொல்லணும்."

அவர் தலையசைத்தார். எழுந்திருக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மார்பில் கட்டியிருந்த கைப்பேசியை அவிழ்க்கப் பார்த்தார், வாரின் கொக்கி எங்கே இருக்கிறது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. ரவான் வந்து அவிழ்த்தாள். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தாமல் நிதாலிடம் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. தெருமுனையில், தகரக் கூரைக்குக் கீழே, உம் ஸுஹா கைப்பிடியைப் பிடித்தபடி யாரோ ஒரு வீட்டுக்காரியோடு கத்திக்கொண்டிருந்தாள். அவரையும், பின்னால் கறுப்பு உடையில் வரும் பெண்ணையும் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள்.

"எங்க போறீங்க?"

"பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி செருப்பைத் தொலைச்சிட்டு வந்தேனே," என்றார் ஹாதிஃப். "அதைச் சொல்லப் போறேன். டீச்சர் வண்டியில இடம் இருக்கு. நீயும் வா. நீயும் கேட்கணும்."

உம் ஸுஹா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கைப்பிடியை விட்டுவிட்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, வந்து வண்டியில் ஏறினாள்.